அங்கி சொன்னால் அறமாகுமா?

"போப்பே சொல்லிவிட்டார்! அதற்கு மேல் என்ன வாதம்?"

"போப் சொன்னால் என்ன? அது அவருடைய கருத்து. ஏற்பதும் விடுவதும் என் விருப்பம்!"

அமெரிக்க நாட்டு மாதா கோயில் ஒன்றின் வாயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும் இருவர் இப்படிப் பேசிக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள். உரிய தாள்களின்றி அந்நாட்டுக்குள் வந்து வாழ்வோரை விரட்டலாமா, கூடாதா என்பது வழக்கு. முதலாமவர் இரக்கம் பேசுகிறார். இரண்டாமவர் எல்லை பேசுகிறார். இப்போது பேச்சைச் சற்றே திருப்புங்கள். கருக்கலைப்பு என்ற ஒரு சொல்லை நடுவில் போடுங்கள். மறுகணமே வேடங்கள் மாறிவிடும்! "திருச்சபை தீர்ப்புரைத்துவிட்டது, இனி வாய் திறக்காதே" என்பார் இரண்டாமவர். "அது என் மனச்சான்றைப் பொறுத்தது, ஆயர்களுக்கு அரசியலில் என்ன வேலை?" என்பார் முதலாமவர்.

மாமியார் உடைத்தால் மண்குடம். மருமகள் உடைத்தால் பொன்குடம்! இருவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிட்டவர்கள்தாம். ஆயினும் இருவரும் போப்பைக் கேட்டு முடிவு செய்பவர்களல்லர். முடிவு செய்துவிட்டுப் போப்பைத் தேடுபவர்கள்.

கத்தோலிக்கர் வீட்டுச் சண்டையில் பகுத்தறிவாளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது, தோழர்களே! எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நண்பர் ஒருவர், சாத்திரம் பேசுவோரைச் சந்தியில் நிறுத்திக் கேள்வி கேட்டவர், சின்னாட்களுக்கு முன் முகமலர்ச்சியோடு சொன்னார்: "பார்த்தாயா, குடியேறிகளை வதைக்கக் கூடாது என்று போப்பே கூறிவிட்டார்!" அந்த 'ஏ' என் செவியில் முள்ளாய்க் குத்திற்று. போப் கூறியது நல்ல சொல்தான். ஆனால் அந்த ஏகாரம் எங்கிருந்து வந்தது? மதகுருவின் வாய்ச்சொல்லை முத்திரைத் தாளாக நாம் கொள்ளத் தொடங்கியது எந்நாள்? அந்த ஏகாரத்தை ஆராய்வதற்கே இக்கட்டுரை.

நடந்ததை முதலில் காண்போம். 2025 சனவரியில் டிரம்ப் இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் பதவி ஏற்றார். பெருந்திரளாக நாடு கடத்துவோம் என்பது அவர் தேர்தல் முழக்கம். பதவியேற்ற உடனேயே, கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகிய இடங்களில் குடியேற்றக் காவலர் கைது செய்வதற்கு முன்பிருந்த கட்டுப்பாட்டை அரசு நீக்கிற்று. ஆயர்கள் கண்டித்தனர். துணைக் குடியரசுத் தலைவர் ஜே.டி. வான்ஸ் 2019இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர். அவர் ஆயர்களைப் பார்த்தே கேட்டார்: உங்கள் கவலை மனிதரைப் பற்றியதா, அரசு தரும் பணத்தைப் பற்றியதா? அத்துடன் நிற்கவில்லை. 'ஓர்டோ அமோரிஸ்' என்ற பழைய இலத்தீன் கருத்தைக் கையிலெடுத்தார். 'அன்பின் வரிசை' என்பது அதன் பொருள். முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், பிறகு சமூகம், பிறகு சொந்த நாட்டார், அதற்கும் பிறகே அயலார் என்று வரிசை அமைத்தார். அயலானுக்கு அன்பு இல்லை என்று சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் நில் என்றார்!

2025 பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். வான்ஸின் பெயர் அதில் இல்லை. விடை மட்டும் இருந்தது. உண்மையான அன்பின் வரிசையை அறிய நல்ல சமாரியன் கதையை எண்ணிப் பாருங்கள் என்றார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி எடுத்தவன் அவனுடைய உறவினனும் அல்லன், ஊரானும் அல்லன், பகைக் கூட்டத்தான்! கதையைக் கொண்டே கணக்கை மடக்கிவிட்டார் கிழவர். எல்லைக் காவலுக்குப் பொறுப்பாளராயிருந்த டாம் ஹோமன், அவரும் கத்தோலிக்கரே, சினந்து எழுந்தார். போப் தம் திருச்சபையைத் திருத்தட்டும், எல்லையை எங்களுக்கு விடட்டும். வாடிகனைச் சுற்றி மதில் இல்லையா என்று கேட்டார்.

இனி அக்கடிதத்தை எடைபோடுவோம். அதன் வலிமை எது? கத்தோலிக்கருக்கு அவர்கள் கதையையே நினைவூட்டியது. எகிப்தினின்று வெளியேறிய யூதர் கூட்டம், ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய ஏசுவின் பெற்றோர், இவர்களெல்லாம் அகதிகள் அல்லரோ என்று கேட்கிறது கடிதம். புதுக்கருத்தன்று, 1952இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட ஆவணம், எகிப்துக்கு ஓடிய அந்தக் குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்தியது. கடிதத்தின் இரண்டாவது வலிமை, ஒருவன் தாளின்றி இருக்கிறான் என்பதனாலேயே அவனைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பதை மறுத்தது. கொடுங்குற்றம் புரிந்தோரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள நாட்டுக்கு உரிமையுண்டு என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. இவை நேர்மையான வாதங்கள்.

குறை எது? எத்தனை பேரை ஏற்பது, எவ்வழியில் ஏற்பது, வந்தவரில் எவரைத் திருப்புவது என்ற கேள்விகளின் வாயிலில் கடிதம் நின்றுவிடுகிறது. இது கடிதத்தின் குறை மட்டுமன்று. கொள்கை நூலின் குறையுமாகும். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2241ஆம் பத்தி மூன்று செய்திகளைச் சொல்கிறது. செல்வம் மிக்க நாடுகள், தம்மால் இயன்ற அளவு, பிழைப்பும் பாதுகாப்பும் தேடி வருவோரை ஏற்கக் கடமைப்பட்டவை என்பது ஒன்று. பொதுநலம் கருதி அரசு நிபந்தனை விதிக்கலாம் என்பது மற்றொன்று. வந்தவர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது மூன்றாவது. 'இயன்ற அளவு' என்கிறார்களே, அந்த அளவை அளக்கும் படி யாரிடம் இருக்கிறது? இரக்கக் கட்சி முதல் வரியை ஏந்துகிறது. எல்லைக் கட்சி மற்ற இரண்டையும் ஏந்துகிறது. இரண்டு கைகளிலும் இருப்பது ஒரே நூல்! எல்லார்க்கும் இடம் கொடுக்கும் விடை, எவருடைய வழக்கையும் தீர்ப்பதில்லை.

எனவேதான் சண்டை, "சொன்னது சரியா?" என்ற இடத்தைவிட்டு, "சொல்ல அதிகாரம் உண்டா?" என்ற இடத்துக்குத் தாவுகிறது. அங்கே கத்தோலிக்கரிடம் ஓர் ஏணி இருக்கிறது.

ஏணியின் உச்சிப்படி 'தவறா வரம்'. 1870ஆம் ஆண்டு வாடிகன் சங்கம் போப்புக்கு வழங்கிய வரம் அது. அவர் வாய் திறந்த போதெல்லாம் அது பாய்வதில்லை. நம்பிக்கையையோ ஒழுக்கத்தையோ பற்றி முறைப்படி அறுதியிட்டு உரைக்கும்போது மட்டுமே. அதன்பின் அது ஐயத்துக்கிடமின்றிப் பயன்பட்டது ஒரே முறை. 1950இல், மரியாள் உடலோடு விண்ணேறினாள் என்று அறிவிக்க! பசித்தவன் எல்லை கடக்கலாமா என்ற கேள்விக்கு அந்த வரம் ஒருநாளும் செலவிடப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த படி, போப்பும் ஆயர்களும் நாள்தோறும் தரும் போதனை. அதற்கு அறிவும் உள்ளமும் பணிதல் வேண்டும் என்று 1964இல் இரண்டாம் வாடிகன் சங்கம் விதித்தது. அதற்கும் கீழ்ப்படி, நடப்பு நிலைமையை எடைபோட்டு அவர்கள் கூறும் கருத்து. கொள்கை ஒன்று, அதனை இந்தச் சட்டத்துக்கு, இந்த ஆண்டுக்கு, இந்த எல்லைக்குப் பொருத்திப் பார்ப்பது மற்றொன்று, பின்னதில் நல்ல கத்தோலிக்கர் மாறுபடலாம் என்பர். குடியேற்றம் பற்றி ஆயர்கள் வாய் திறந்தவுடன், "இது கீழ்ப்படியைச் சேர்ந்தது, எனக்குக் கட்டில்லை" என்று எல்லைக் கட்சியார் நழுவுவது இந்தப் பின்கதவு வழியாகத்தான்.

கதவைத் திறந்தவர்கள் வெளியாரல்லர். 1965இல் அதே சங்கம் வெளியிட்ட மற்றோர் ஆவணம், எழுகின்ற ஒவ்வொரு சிக்கலுக்கும் கையோடு தீர்வு தரும் வல்லுநர்கள் என்று உங்கள் குருமாரை எண்ணிவிடாதீர் எனப் பொதுமக்களுக்கு அறிவுரை கூறிற்று. நம்பிக்கையாளர் தமக்குள் மாறுபடும்போது, திருச்சபையின் அதிகாரம் தம் பக்கமே என எவரும் உரிமை கொண்டாடலாகாது என்றும் கூறிற்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், கற்றறிந்த பொதுமக்கள் தம் கருத்தை ஆயர்களிடம் எடுத்துரைக்க உரிமையுண்டு, சில வேளை கடமையும் உண்டு என்கிறது. பகுத்தறிவாளர் பழித்துரைக்கத் தேவையே இல்லை, தோழர்களே! அங்கிக்கு எல்லை உண்டென்று அங்கி அணிந்தோரே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஏணியின் படிகள் நிலையாக நிற்கின்றனவா? இல்லை. 2004இல், பின்னாளில் போப் ஆன கர்தினால் இராட்சிங்கர், கருக்கலைப்பைப் போன்றதன்று போரும் மரண தண்டனையும். அவற்றில் கத்தோலிக்கர் முறையாகவே கருத்து மாறுபடலாம் என்று அமெரிக்க ஆயர்களுக்குக் குறிப்பு எழுதினார். 2018இல் என்ன ஆயிற்று? மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என மறைக்கல்வி நூல் திருத்தப்பட்டது. பதினான்கே ஆண்டில் கீழ்ப்படி மேலேறிவிட்டது! அதே 2018இல், கருக்கலைப்பை நோக்கக் குடியேறியின் துயர் இரண்டாந்தரச் செய்தி என்று கருதுவது கிறித்தவனுக்கு அழகன்று என போப் பிரான்சிஸ் எழுதினார். 2025 மே மாதம் பதவிக்கு வந்த பதினான்காம் லியோ, அமெரிக்க மண்ணில் பிறந்த முதல் போப், அவ்வாண்டு செப்டம்பரில் கேட்டார்: கருக்கலைப்பை எதிர்க்கிறேன் என்கிறவன் குடியேறிகளை மனிதத்தன்மையின்றி நடத்துவதற்கு உடன்படுவானேயானால், அவனை உயிர்காக்கும் கட்சி என்று எப்படிச் சொல்வது? நல்ல கேள்வி. ஆனால் படியை உயர்த்தும் உரிமை ஒரு போப்புக்கு உண்டென்றால், இறக்கும் உரிமை அடுத்தவருக்கு இல்லாமற் போகுமா? கட்டளையால் வந்த கருணை, கட்டளையால் போகவும் கூடும். அச்சந்தருவது அதுவே.

இது வெறும் ஊகமன்று. 2015 செப்டம்பர் 6 அன்று, ஐரோப்பாவின் ஒவ்வொரு பங்கும் ஓர் அகதிக் குடும்பத்தை ஏற்கட்டும் என்று போப் பிரான்சிஸ் வேண்டினார். மை காயுமுன், அங்கேரி நாட்டின் தென்பகுதி ஆயர் கிஸ்-ரிகோ, வருபவர்கள் அகதிகளல்லர், இது படையெடுப்பு, போப்புக்கு நிலைமை தெரியவில்லை என்றார். அவரும் ஆயர், அவர் தலையிலும் அதே முடி, கையிலும் அதே கோல்! இன்னும் பின்னே செல்லுங்கள். 1930களில் அமெரிக்காவில் சார்லஸ் காஃப்லின் என்ற பாதிரியார் வானொலியில் பேசினார். பல கோடிச் செவிகள் கேட்டன. அங்கி அணிந்த அந்த வாய்தான் யூதர்மீது நஞ்சைக் கக்கிற்று. 1938இல் யூதரைப் பற்றிய பொய்ப்புனைவு நூலொன்றைத் தம் இதழில் வெளியிட்டார். 1942இல்தான் அவருடைய பேராயர் அவர் வாயை மூடினார். அங்கியே அறத்துக்குச் சான்று என்றால், அந்நாளில் வானொலி கேட்டவன் எந்தச் சான்றை நம்பியிருக்க வேண்டும்?

வகுப்பறையில் கணக்குத் தேர்வு நடக்கிறது. மாணவன் விடையைச் சரியாக எழுதிவிட்டு, வழிமுறை எழுத வேண்டிய இடத்தில் "பெரியவர் சொன்னார்" என்று எழுதி வைக்கிறான். விடை சரி, மதிப்பெண் கொடுக்கலாமா? கொடுத்தால் அடுத்த கணக்கில் அவன் தவறுவான். தவறியதும் அவனுக்குத் தெரியாது. போப்பின் சொல்லைப் போற்றும் நம் நண்பர் அந்த மாணவனாக ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அங்கியைக் கழற்றி வைத்துவிட்டால் ஆயர்களின் வழக்கில் என்ன மிஞ்சும்? நிரம்ப மிஞ்சும்! முதலில் வரலாறு. 1844இல் பிலடெல்பியா நகரில் கத்தோலிக்கக் கோயில்கள் கொளுத்தப்பட்டன. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் போப்பின் கையாட்கள், நாட்டுக்கு உண்மையாயிரார் என்பது குற்றச்சாட்டு. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியரையும் போலந்தியரையும் வாயிலிலேயே தடுத்தது. 1960இல்கூட, குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற கென்னடி, பொதுக்காரியத்தில் போப்பின் கட்டளைக்கு நான் பணியேன் என்று சீர்திருத்தச் சபைப் போதகர்முன் ஹூஸ்டன் நகரில் வாக்குமூலம் தர நேர்ந்தது. அன்று கத்தோலிக்கன்மீது சுமத்திய பழி, போப் சொல் கேட்கிறான் என்பது. 2025இல் கத்தோலிக்கத் துணைத் தலைவர்மீது எழுந்த பழி, போப் சொல் கேளாதவர் என்பது! விரட்டப்பட்டவரின் பேரன் விரட்டுவோர் வரிசையில் நிற்பதைச் சுட்டிக்காட்ட வேதநூல் வேண்டாம். வரலாற்று நூல் போதும்.

இரண்டாவது, கண்கூடான துன்பம். 1 கோடிக்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் தாளின்றி வாழ்கின்றனர். பலர் பல்லாண்டு உழைத்தவர். அவர்தம் பிள்ளைகளில் பலர் அந்த மண்ணில் பிறந்த குடிமக்கள். தந்தையைக் கடத்தினால் மகனைத் தண்டித்ததாகிறது. 2025 சூலையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர், கைதுக்கு அஞ்சுவோர் ஞாயிறு பூசைக்கு வாராதிருக்கலாம் என்று விலக்கு அளித்தார். எண்ணிப் பாருங்கள்! கடவுள் வீட்டுக்கு வாராதே என்று கடவுளின் காவலரே சொல்ல நேர்ந்த காலம்! ஞாயிற்றுக் கடமையைக் கட்டவும் அவிழ்க்கவும் அவருக்கு உரிமையுண்டு. அது அவர் வீட்டுச் சட்டம். அந்த விலக்கில் பேசியது குருவின் அதிகாரம் மட்டுமன்று. மக்களின் அச்சத்தைக் கண்ட மனிதனின் கண்.

மூன்றாவது, வான்ஸின் பணக் குற்றச்சாட்டு. ஆயர் பேரவை அரசுப்பணம் பெற்றது உண்மை. ஆனால் அது 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டப்படி, அரசே ஆராய்ந்து அனுமதித்த அகதிகளைக் குடியமர்த்தப் பெற்ற பணம். தாளின்றி வந்தோரையும் தாளோடு அழைத்து வரப்பட்டோரையும் ஒரே மூட்டையில் கட்டினார் வான்ஸ். நிதி நின்றதும் பேரவை வழக்குத் தொடுத்தது. பின்னர் அரசோடு கொண்ட அந்த ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. குற்றச்சாட்டுக்கு மறுமொழி கணக்கேடுதான். அதைக் காட்டினால் யாரும் நம்பலாம்; அங்கியைக் காட்டினால் பக்தன் மட்டுமே நம்புவான்.

எதிர்க்கட்சிக்கும் நீதி செய்வோம். எல்லையே வேண்டாம் என்று எந்த அரசும் இருந்ததில்லை, இருக்கவும் இயலாது. வாடிகனும் விலக்கன்று. 2024 டிசம்பரில் அது வெளியிட்ட ஆணை, வன்முறையாலோ அச்சுறுத்தலாலோ வஞ்சகத்தாலோ தன் எல்லைக்குள் நுழைவோர்க்கு 1 முதல் 4 ஆண்டு வரை சிறையும், 10,000 முதல் 25,000 யூரோ வரை தண்டமும் விதித்தது. ஹோமன் கேட்ட மதில் கேள்வியில் உண்மை ஒரு துளி இருக்கிறது. ஆனால் மதிலைக் காட்டுவது மறுமொழி ஆகாது. உபதேசிப்பவன் வீட்டுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதால், உபதேசம் பொய் ஆகிவிடுமா? கதவைப் பூட்டுவது வேறு. வீட்டுக்குள் இருபது ஆண்டு உழைத்தவனை நள்ளிரவில் இழுத்துச் செல்வது வேறு. ஆளை நோக்காது சொல்லை நோக்குங்கள் என்று ஹோமனுக்குச் சொல்லும் நாம், அதே சட்டத்தைப் போப்பைப் புகழ்வோர்க்கும் சொல்ல வேண்டும்.

2025 நவம்பரில் அமெரிக்க ஆயர் பேரவை, பாகுபாடின்றிப் பெருந்திரளாக நாடு கடத்துவதை எதிர்த்துச் சிறப்பு அறிக்கை வெளியிட்டது. ஆதரவு 216, எதிர்ப்பு 5, நடுநிலை 3. ஆளுங்கட்சியைப் பகைத்தும், தம் மந்தையில் பாதிக்கு மேற்பட்டோர் 2024இல் அந்தக் கட்சிக்கே வாக்களித்தனர் என்பது தெரிந்தும் பேசினர். அந்தத் துணிவைப் பாராட்டாதவன் கல்நெஞ்சன். ஆனால் 216 முடிகளின் எடையை நிறுத்துப் பார்த்து நான் பாராட்டவில்லை. அறிக்கையின் சொற்களை நிறுத்துப் பார்த்துப் பாராட்டுகிறேன். அந்த 216 பேரும் மறுபக்கம் நின்றிருந்தாலும், கைக்குழந்தையிடமிருந்து தாயைப் பிரிப்பது கொடுமையாகவே இருந்திருக்கும்!

'சட்டத்துக்குப் புறம்பானவன்' என்ற பட்டம் தமிழருக்குப் புதிதன்று. இலங்கையில் நம்மவரை 'கள்ளத்தோணி' என்று இழித்தழைத்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களைத் தம் வியர்வையால் வளர்த்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. தோணியில் வந்தவன் யார், அத்தோட்டத்திலேயே பிறந்தவன் யார் என்று அந்தப் பட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு கூட்டத்தின்மேல் ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் பிறகு அதன் முகம் தெரியாது என்பதை நம் இனம் பட்டறிந்திருக்கிறது. மெக்சிகோக்காரன் துயர் நமக்குப் புரிவது அந்தப் பட்டறிவால். உரோமாபுரிக் கடிதத்தால் அன்று.

சொல்பவன் யார் என்று பாராதே, சொல்லின் பொருளைப் பார் என்பது வள்ளுவர் நமக்குத் தந்த அளவுகோல். அது பகைவன் வாய்ச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பிடித்த சொல்லைப் பேசும் பெரியோர்க்கும் உரியது. கசக்கும்போது ஆராய்வதும், இனிக்கும்போது விழுங்குவதும் பகுத்தறிவாகாது.

படிப்பகத்து நண்பரிடம் அன்று மாலை இதைத்தான் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் போப் சொன்னதை மேடையில் சொல்லவே கூடாதா?"

சொல்லுங்கள், தோழரே, தாராளமாகச் சொல்லுங்கள்! வழியில் கிடந்தவனைத் தூக்கியவன் கதையையும் சொல்லுங்கள். தந்தையைக் கடத்தினால் மகன் அனாதையாவான் என்று சொல்லுங்கள். தாளில்லாமை கொலைக்குற்றமன்று என்று சொல்லுங்கள். "போப்பும் இதை ஒப்புகிறார்" என்று சொல்லுங்கள்.

"போப்பே சொல்லிவிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.